கூலி: கொடுக்க வேண்டியதா, கூப்பிடும் பெயரா?



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் கால்வாய் செப்பனிடும் பணி நடைபெற்றது. வங்காளதேசத்து இளைஞர்கள் நால்வர், கொளுத்தும் வெயிலில் கற்பலகைகளைத் தூக்கி அடுக்கிக் கொண்டிருந்தனர். ஓய்வு நேரத்தில் அவ்வழியே சென்ற என் மாணவர்களுள் ஒருவன் தன் நண்பனைச் சீண்டினான். "டேய், நீ ஒழுங்கா படிக்கலைன்னா இந்தக் கூலி மாதிரிதான் ஆவ!"

அதற்கு மறுநாள் வகுப்பில் திருக்குறள் பாடம். ஆள்வினை உடைமை அதிகாரத்தின் 619ஆம் குறளைக் கரும்பலகையில் எழுதினேன். ஊழ் துணை நிற்காவிட்டாலும், உடல் வருந்த உழைத்த உழைப்பு தனக்குரிய கூலியைத் தந்தே தீரும் என்று பொருள் சொன்னேன். அதே மாணவன் கையை உயர்த்தினான்.

"ஐயா, திருவள்ளுவர் ஏன் கெட்ட வார்த்தை எழுதினாரு?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, வாளியைச் சுமந்து மரங்களுக்கிடையே நடந்தவர். அவர் பெற்றது கூலி. பிறர் அவரை அழைத்ததும் கூலி. இரண்டும் ஒரே சொல்தானா? பெற்ற பொருளின் பெயர், பெற்றவரின் பெயராக எப்போது மாறியது? அன்று மணி அடித்துவிட்டதால் அரைகுறையாகவே விடை சொன்னேன். முழு விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

தமிழில் கூலி

இரண்டே எழுத்துச் சொல். தமிழில் இதன் முதற்பொருள் செய்த வேலைக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது என்பதாகும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இப்பொருளையே தருகிறது. வேலை செய்பவரைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று வேறொரு சொல்லைச் சேர்த்தே வழங்கினோம். 'கூலி' தனித்து நின்றால் அது பொருளையே குறிக்கும்; ஆளைக் குறிக்காது.

இன்றும் இப்பொருள் மறைந்துவிடவில்லை. வண்டிக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, தையற்கூலி, நெசவுக்கூலி என எத்தனையோ சொற்கள் உள்ளன. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் உள்ள நகைக்கடைகளுக்குச் சென்று பாருங்கள். கல்யாணத்திற்கு நகை எடுக்க வந்த அம்மாமார்கள், "செய்கூலி எவ்வளவு?" என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். பொற்கொல்லரின் கைத்திறனுக்கு விலை அது. அச்சொல்லில் இழிவு ஏதும் உண்டா? இல்லையே!

கூலி என்னும் சொல்லைக் 'கூலம்' என்பதோடு தொடர்புபடுத்தும் தமிழறிஞர்களும் உண்டு. கூலம் என்றால் தானியம். மணிமேகலையை இயற்றிய சாத்தனாரைக் கூலவாணிகன் சாத்தனார் என்பது இதனால்தான்; அவர் தானிய வணிகர். நாணயம் பெருகாத காலத்தில் உழைத்தவருக்குத் தானியத்தையே அளந்து கொடுத்தனர். அவ்வாறு கொடுத்த கூலமே கூலி ஆயிற்று என்பது அவர்கள் விளக்கம். இதை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், உழைத்தவன் வீட்டு உலையில் போய்ச் சேர வேண்டியதே கூலி என்னும் எண்ணம் அதில் இருப்பதைக் காணலாம்.

அண்டை மொழிகளில்

நம் உறவு மொழிகளிலும் இச்சொல் உண்டு. மலையாளத்தில் கூலி என்றால் சம்பளம், கட்டணம். கேரளத்தில் 'நோக்குகூலி' என்றொரு வழக்கம் இருந்தது. சுமை தூக்காமல், பிறர் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே தொழிற்சங்கத்தினர் சிலர் கேட்டு வாங்கிய பணம் அது. 2018 மே மாதம் கேரள அரசு அதனை ஒழித்தது. வழக்கம் தவறாக இருக்கலாம். ஆனால் சொல் தன் பழம்பொருளில்தான் நிற்கிறது. கன்னடத்திலும் கூலி என்றால் உழைப்பின் ஊதியமே. தெலுங்கில் ஊதியத்தையும் குறிக்கும், உழைப்பவரையும் குறிக்கும்.

சிங்களத்திலோ 'குலிய' என்பது வாடகை. வீட்டு வாடகையும் அங்கே குலியதான். வீட்டை வாடகைக்கு விட்ட முதலாளி மாதந்தோறும் 'குலிய' வாங்கினால் அவருக்கு இழிவில்லை. அதே தீவின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழரைக் 'கூலிகள்' என்று வெள்ளைக்காரத் துரைமார் எழுதியபோதுதான் இழிவு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆக, இழிவு சொல்லுக்குள் இருந்ததன்று. அது வெளியிலிருந்து வந்து ஏறியது. எப்படி ஏறியது என்பதை இனிக் காண்போம்.

மூன்று ஊற்றுகள்

ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆங்கிலேயர் இந்தியாவில் பயன்படுத்திய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற அகராதி இதைப் பற்றி நீளமாகவே பேசுகிறது. அதனைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூல், பர்னெல் ஆகிய இருவர். இவர்களுள் பர்னெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். தென்னாட்டு மொழிகளை ஆராய்ந்தவர்.

முதலாவது கருத்து: குசராத்துப் பகுதியில் 'கோலி' என்னும் மக்கள் வாழ்கின்றனர். மேற்குக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் அம்மக்களை வேலைக்கு அமர்த்தினர்; அவர்களின் இனப்பெயரே வேலையாளின் பெயராயிற்று என்பர்.

இரண்டாவது கருத்து: துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை. பாரசீகம் வழியாக அது 'குலி' என இந்தியாவுக்கு வந்தது. ஐதராபாத்து நகரை 1591இல் நிறுவிய மன்னர் முகம்மது குலி குதுப் ஷா. அப்பெயரில் உள்ள குலி, அடியவன் என்னும் பொருளுடையதுதான்! ஒரு மன்னன் தன்னை அடியவன் என்று பணிவோடு சூட்டிக்கொண்டால் அது பெருமை. ஏழையைப் பார்த்து இன்னொருவர் சொன்னால் அது சிறுமை.

மூன்றாவது கருத்து: நம் தமிழ்க் 'கூலி'. கிழக்குக் கரையில் வணிகம் செய்ய வந்த ஐரோப்பியர் நாள்தோறும் காதில் கேட்ட சொல் இது.

ஓர் ஆறு ஓர் ஊற்றிலிருந்து மட்டுமே பெருக வேண்டும் என்பதில்லை. ஒலியில் ஒத்த சொற்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். கலந்த இடத்தில் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். தமிழ் தந்தது 'ஊதியம்' என்னும் பொருள். மற்ற இரண்டும் தந்தவை 'ஆள்', 'அடிமை' என்னும் பொருள்கள். கலவையில் ஊதியம் கரைந்துபோனது. ஆள் மட்டும் மிஞ்சினான்.

கடல் கடந்த கூலி

1834இல் ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அதே ஆண்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 'அட்லாஸ்' என்னும் கப்பல் மொரீசியசுத் தீவை அடைந்தது. அத்தீவில் அவர்கள் கரையேறிய துறையின் பெயரே 'கூலித்துறை' ஆயிற்று. ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அத்தீவுக்கு வந்தனர். இன்று அவ்விடம் 'ஆப்ரவாசி காட்', அதாவது குடியேறியோர் துறை, என்று பெயர் மாற்றப்பட்டு, 2006 முதல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகிறது.

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துருரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அங்கே வெள்ளையர் வாயில் கூலி என்பது இந்தியர் அனைவருக்கும் உரிய பெயராகிவிட்டது. வணிகர் 'கூலி வணிகர்'. 1893இல் அங்கே சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்'. இன்னொன்றையும் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். தமிழர் பெயர்கள் பல 'சாமி' என்று முடிவதால், இந்தியர்களைச் 'சாமி' என்றும் அங்கே இளக்காரமாக அழைத்தனராம். கடவுளைக் குறித்த சொல்லும் உழைப்பின் விலையைக் குறித்த சொல்லும் ஒருசேர வசையாயின! எச்சொல்லையும் இழிவாக்கச் சொல்பவரின் மனப்பான்மை ஒன்றே போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சீனர்கள் இச்சொல்லைத் தம் எழுத்தில் எழுதிய முறை நெஞ்சைத் தொடுவது. ஒலிக்காக அவர்கள் தேர்ந்த எழுத்துகள் இரண்டு: 'கு', 'லி'. முதலாவதன் பொருள் கசப்பு அல்லது துன்பம். இரண்டாவதன் பொருள் வலிமை. 'கசந்த உழைப்பு' என்று சொல்லலாம். வேற்றுமொழிச் சொல்லை ஒலிபெயர்க்கும்போதே அச்சொல்லைச் சுமந்தவனின் வாழ்க்கையையும் எழுதிவிட்டார்கள். நம் நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் மாண்ட சீனத் தொழிலாளர்களின் கதையும் அவ்விரண்டு எழுத்துகளுக்குள் அடங்கும்.

டச்சுக்காரர்கள் இதையே சட்டத்தின் பெயராக்கினார்கள். மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், கிழக்குச் சுமத்திராவின் தோட்டங்களுக்காக 1880இல் அவர்கள் இயற்றியது 'கூலிச் சட்டம்'. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடிய தொழிலாளியைத் தண்டிக்க அதில் வழி இருந்தது. கூலியின் பெயரால் அமைந்த சட்டம், கூலிக்காரனைப் பிடித்து வைக்கவே பயன்பட்டது.

முதலும் கூலியும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலாய்மொழியில் தமிழ்ச் சொற்கள் பல கலந்துள்ளன என்பதை நாம் அறிவோம். கடை 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. இவற்றோடு இன்னும் இரண்டு சொற்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஒன்று 'மோடால்'. வணிகத்தில் போடும் மூலதனம் என்று பொருள். இது தமிழ் 'முதல்' என்னும் சொல்லே. மற்றொன்று 'குலி'. உடலுழைப்புத் தொழிலாளி என்று பொருள். ஊதியத்தைக் குறிக்க மலாயில் 'உப்பா' என்னும் சொல் தனியே இருக்கிறது. நகைக்கடையில் நாம் செய்கூலி என்பதை மலாயில் 'உப்பா' என்றே சொல்வர்.

எண்ணிப் பாருங்கள். பொருளியலின் இரு தூண்கள் முதலும் உழைப்பும். இவ்விரண்டுக்குமே மலாய்மொழிக்குச் சொல் தந்தது தமிழ். 'முதல்' வணிகரோடு வந்தது. 1511இல் போர்த்துகீசியர் கைப்பற்றுவதற்கு முன்பே மலாக்காவில் செல்வாக்கோடு வாழ்ந்த தமிழ் வணிகர்களின் சொல் அது. 'கூலி' ஆழ ஊன்றியதோ இரப்பர்த் தோட்டம், இருப்புப்பாதை, துறைமுகம் ஆகியவற்றின் காலத்தில். முதலோடு வந்தவனுக்குத் தன் சொல்லின் பொருளைக் காக்கும் வலிமை இருந்தது. வெறுங்கையோடு வந்தவனின் சொல்லுக்கு மற்றவர் பொருள் எழுதினர்.

அவர்கள் கட்டியது என்ன? 1881இல் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரைப் பாழாக்கின. அதன் பிறகு அத்தாப்புக் குடிசைகளை விலக்கிச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அதற்காகச் செங்கல் சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்து இருப்புப்பாதை போடப்பட்டது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல்தான் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. இப்பாதையில் தண்டவாளம் பதித்தவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் சரக்கு இறக்கியவர்களிலும் நம்மவர் ஏராளம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' கப்பலில் ஏறி இத்துறையில் இறங்கிய தாத்தா பாட்டிகளின் கதை, இவ்வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு.

மலாயாவில் 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருவார். அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடுத்தபோது அம்முறையும் முடிவுக்கு வந்தது.

கிள்ளான், 1941

இங்கேதான் நம் சொல்லின் வரலாற்றில் முதன்மையான நிகழ்ச்சி வருகிறது.

1930களில் தோட்டத் தமிழருக்கு நாட்கூலியாக ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது ஓர் அளவு. இரப்பர் விலை சரிந்தபோதெல்லாம் அதுவும் குறைக்கப்பட்டது. சீனத் தொழிலாளர்களுக்கோ இதைவிடக் கூடுதல். ஐரோப்பாவில் போர் மூண்டு இரப்பருக்குக் கிராக்கி ஏறியது. அரிசி விலையும் ஏறியது. கூலி மட்டும் ஏறவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 'தமிழ் நேசன்' நாளேட்டில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்.

அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்தால் வியப்பு ஏற்படும். சீனருக்கு இணையான கூலி வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்றனர். முறையான மருத்துவ வசதி வேண்டும் என்றனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். இவற்றோடு இன்னொன்றும் கேட்டனர். துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்!

மிதிவண்டியில் உட்கார்ந்தபடியே செல்லும் உரிமைக்கு எத்தனை காசு பெறும்? ஒரு காசும் பெறாது. ஆனாலும் அதனைக் கூலி உயர்வோடு ஒரே பட்டியலில் வைத்தனர். ஏன்? அவர்கள் இரண்டு 'கூலி'களையும் பிரித்து அறிந்திருந்தனர். "எங்களுக்குரிய கூலியைக் கொடு, எங்களைக் கூலி என்று நடத்தாதே" என்பதே அப்பட்டியலின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் மேலும் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவித்துப் படையையும் இறக்கி அரசு அதனை அடக்கியது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே சப்பானியப் படை வந்துவிட்டதால், இந்நிகழ்ச்சி நம் நினைவிலிருந்தும் பாடநூல்களிலிருந்தும் பெரிதும் நழுவிப்போயிற்று. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதிருந்த அம்மக்கள் அகராதி பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் ஒரு சொல்லின் மூலப்பொருளைத் தம் உயிர் கொடுத்துக் காக்க முயன்றவர்கள்.

சொல்லை மீட்டவர்கள்

பிற நாடுகளிலும் இச்சொல்லோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு. கயானா நாட்டு எழுத்தாளர் இராஜ்குமாரி சிங் 1973இல் 'நான் ஒரு கூலி' என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். வசையை எடுத்து மாலையாகச் சூட்டிக்கொண்ட துணிவு அது. மொரீசியசுக் கவிஞர் கல் தொராபுலி 1992இல் 'கூலித்துவம்' என்னும் பொருள்படும் புதுச்சொல்லை உருவாக்கி, கடல் கடந்த உழைப்பாளர்களின் வழித்தோன்றல்களுக்கு ஓர் இலக்கிய அடையாளம் தந்தார்.

இந்தியாவோ வேறு வழியில் சென்றது. தொடர்வண்டி நிலையங்களில் சுமை தூக்குவோரை இனிக் கூலி என்று அழைக்காமல் 'சகாயக்', அதாவது உதவியாளர், என்று அழைக்க வேண்டும் என 2016இல் அந்நாட்டு இரயில்வே அமைச்சர் அறிவித்தார். 2025 ஆகத்து மாதம் இரசினிகாந்து நடித்த 'கூலி' திரைப்படம் வந்தபோது, நம் பிள்ளைகளும் அப்பெயரை ஆரவாரத்தோடு உச்சரித்தார்கள். திரையில் வந்தால் கைத்தட்டல். கால்வாய் ஓரத்தில் கண்டால் ஏளனம்!

இன்னொரு சுவையான செய்தி. செருமனியில் பிள்ளைகள் பந்துமுனைப் பேனாவைக் 'கூலி' என்றே அழைக்கிறார்கள்! 1928இல் அங்கே 'மைக்கூலி' என்று பொருள்படும் பெயரில் ஒரு பேனா விற்பனைக்கு வந்தது. நமக்காக மை சுமந்து உழைக்கும் கருவி என்னும் எண்ணத்தில் வைத்த பெயர். இந்தோனேசியாவிலோ செய்தியாளரைக் 'குலி திந்தா' என்பர். அதற்கும் மைக்கூலி என்றே பொருள். எழுத்தைத் தொடாத கைகளுக்கு வைத்த பெயர், சுற்றிச் சுற்றி எழுதுகோலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மீண்டும் வகுப்பறையில்

அடுத்த பாடவேளையில் அம்மாணவனிடம் ஒன்று கேட்டேன். "தம்பி, உங்க அப்பா என்ன வேலை செய்றாரு?"

"லாரி ஓட்டுறாரு, ஐயா. துறைமுகத்துல."

"மாசக் கடைசியில அவருக்கு என்ன கொடுப்பாங்க?"

"சம்பளம்."

"அதுக்கு வள்ளுவர் வச்ச பேருதான் கூலி. அப்பாவுக்குச் சம்பளம் கொடுக்காம, 'சம்பளம், இங்க வா' என்று அவரைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்?"

அவன் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "அவங்களுக்குச் சரியா சம்பளம் கொடுக்குறாங்களா, ஐயா?" என்று சன்னல் வழியே கால்வாயைக் காட்டிக் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால், கேட்க வேண்டிய கேள்வியை அவன் கேட்டுவிட்டான்.

அன்பர்களே, இன்று கோலாலம்பூரின் அடுக்குமாடிகளை எழுப்புவோரும் சாலைகளைப் பெருக்குவோரும் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலில் இறங்கியபோது நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். நம்மைச் சுட்ட சொல்லை நம் பிள்ளைகளின் வாயாலேயே அவர்கள்மீது வீசலாமா?

கூலி, கொடுப்பவன் தீர்க்க வேண்டிய கடன். அது வாங்குபவனின் பெயரன்று. இதனைத் தமிழ் அறிந்த நாமே மறந்தால், வேறு யார் நினைவூட்டுவார்? 619ஆம் குறளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, இதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம்.